கோல் அடிக்கிற பின்கள வீரருக்குத்தான் காசா?

ஹொக்கியில பின்கள வீரரோட வேலை என்ன? கோல் விழாமப் பார்த்துக்கிறது. ஆனா ஏலத்துல அவருக்கு விலை ஏறுறது எதனால? பெரும்பாலும் அவர் அடிக்கிற கோலால. இது நியாயமாங்கிறதுதான் நம்ம கேள்வி.

2017க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹொக்கி இந்தியா லீக்கை மறுபடி தொடங்க, 2024 ஒக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி இந்திய ரூபாய்தான் உச்சவரம்பு. அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். ஹர்மன்ப்ரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு வாங்கியது. அந்த ஏலத்திலேயே ஆகக்கூடிய விலை அதுதான். ஜெர்மனியின் கொன்சாலோ பெயலாட்டை ஹைதராபாத் 68 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு பேரும் பின்கள வீரர்கள். இரண்டு பேரும் பெனால்டி கோர்னரில் ட்ரெக் ஃபிளிக் அடிப்பதில் மன்னர்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்ப்ரீத் மட்டும் 10 கோல்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 78 லட்சம் போனால் மிச்சம் 3 கோடி 22 லட்சம். அதை 23 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 14 லட்சம். உச்சவரம்பு இருக்கிற இடத்தில் ஒருவருக்குக் கூடக் கொடுப்பது, இன்னொருவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பதுதான். அதனாலதான் ‘அவருக்கு எவ்வளவு தகும்?’ என்று மட்டும் கேட்டால் போதாது.

அமித் ரோஹிதாஸைப் பாருங்க. அவரும் பெனால்டி கோர்னர் அடிப்பார்தான். ஆனா அவருடைய பெரிய வேலை வேறு: எதிரணி பெனால்டி கோர்னர் அடிக்கும்போது, பாய்ந்து வரும் பந்தை நோக்கி முதல் ஆளாக ஓடுவது. உடம்பைப் பணயம் வைக்கிற வேலை. பாரிஸ் காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கியதால் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஆடவில்லை. இந்தியா 2–3 எனத் தோற்றது. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கோர்னரில், பெயலாட் அடித்தது. அமித் இருந்திருந்தால் அது விழுந்தே இருக்காது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனா அவர் தடுத்த கோல்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லையே! ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் அவருக்குக் கொடுத்தது 48 லட்சம்.

கோல்தானே ஜெயிக்க வைக்குது என்பீங்க. சரிதான். ட்ரெக் ஃபிளிக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று நாங்க சொல்லவில்லை. அது தனித் திறமை, தனி விலை. அதைப் ‘பின்களத்துக்குக் கொடுத்த சம்பளம்’ என்று எழுதிவைப்பதுதான் தப்பு.

பொகவந்தலாவைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. தராசில் ஏறுகிற கொழுந்துக்குத்தான் பெயர். கிலோ குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானபோதும், அதற்கு மேலே வேணும்னா கூடுதல் கிலோ எடு என்றுதான் சொன்னார்கள். மழையில், அட்டைக்கடியில் மலை ஏறி இறங்கிய நடை எந்தத் தராசிலும் ஏறாது. லட்சங்களில் விலைபோகும் வீரரையும் நம்ம அம்மாமாரையும் நாங்க ஒன்றாக நிறுத்தவில்லை. எண்ண முடிகிறதுக்கு மட்டும் விலை போடுகிற பழக்கம்தான் இரண்டு இடத்திலும் ஒன்று.

அதனால பின்கள வீரரின் சம்பளத்தைப் பேசும்போது முதலில் அவர் அடித்த கோலை ஓரமாக வையுங்க. அவர் களத்தில் நிற்கும்போது எதிரணி எத்தனை முறை வட்டத்துக்குள் வந்தது? எத்தனை பெனால்டி கோர்னர் கிடைத்தது? அவர் வெளியே போனதும் என்ன மாறியது? இதற்கெல்லாம் ஒரு விலை போட்டுவிட்டு, அப்புறம் கோலைச் சேருங்க. ஒரு கோலும் அடிக்காமல் காவல் நிற்கிறவருக்கும் அப்போதுதான் முழுப்பேர் விழும்.