பார்சலின் கட்டு

சென்ற மாதம் வெளியூர் நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பிய புத்தகப் பார்சலைக் கண்டபோது, அவருடைய சிரத்தையைப் பாராட்டுவதா, கட்டிய கையை நொந்துகொள்வதா என்று சற்று நேரம் எனக்கு விளங்கவில்லை. பழுப்புக் காகிதம் சுற்றிய அந்தப் புத்தக அடுக்கின்மேல் குறுக்கும் நெடுக்குமாக நான்கு மஞ்சள் பிளாஸ்டிக் பட்டைகள், சுண்டினால் ஒலிக்கும் வீணைத் தந்திகளைப்போல் விறைத்து நின்றன. அறுத்துப் பார்த்தால், மேலும் கீழும் இருந்த இரு நூல்களின் விளிம்புகளில் ஆழமான தழும்புகள்.

பட்டையின்மேல் குற்றமில்லை. 1954-இல் இத்தாலிய ரசாயன அறிஞர் ஜூலியோ நாட்டா படிக உருவில் ஆக்கிக் காட்டிய பாலிபுரோப்பிலீன் என்னும் பொருளை இழுத்து நீட்டிச் செய்யப்படும் அந்த நாடா, நீளவாட்டில் அதிசயமான பலம் உடையது. அகலவாட்டிலோ நார் நாராகப் பிளந்துவிடும். அதனினும் முக்கியமான அதன் சுபாவம் ஒன்றுண்டு: எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நாளடைவில் அது தானே சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இதை அனுபவத்தால் உணர்ந்த கடைக்காரர், பிற்காலத் தளர்ச்சிக்கு முன்கூட்டியே ஈடுசெய்வதாக எண்ணி மேலும் ஒரு முறுக்கு முறுக்குகிறார். அட்டைப் பெட்டியின் மூலை நசுங்குகிறது. நசுங்கிய அளவுக்குப் பெட்டியின் சுற்றளவு குறைந்து, இறுகக் கட்டிய பட்டை இறுக்கத்தினாலேயே தொளதொளத்துப் போகிறது. நான்கு மூலைகளிலும் மடித்த அட்டைத்துண்டு ஒன்றைச் செருகியிருந்தால் இந்த அனர்த்தம் நேர்ந்திராது. பழைய பெட்டியைக் கிழித்தாலே கிடைக்கும் துண்டு. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று கிலோவுக்கு மேற்படாத சிறு பார்சலுக்குப் பட்டையே அநாவசியம் என்பேன். உள்ளே பொருள் ஆடாமல் காகிதம் திணித்து, பெட்டியின் வாய்களை அகலமான டேப்பால் ஒட்டிவிட்டால் போதும். கட்டித்தான் தீரவேண்டும் என்போருக்குச் சணல் இருக்கிறது. 1877-இல் இந்தியாவில், பொருளைப் பெறும்போது தபால்காரரிடம் விலை கொடுக்கும் வி.பி.பி. முறை வந்த பிறகு, தபாலில் நூல் விற்றோரின் பொருள்கள் சணல் கட்டை நம்பியே ஊர் ஊராகப் போயின. கயிறு ஒன்றையொன்று குறுக்கிடும் இடந்தோறும் ஒரு முடிச்சு; ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற முடிச்சுகள் கட்டைக் காக்கும். பட்டையிலோ கிளிப் ஒன்று கழன்றால் அந்தச் சுற்று முழுவதும் போயிற்று. பட்டையைக் கைப்பிடியாகப் பாவித்துப் பார்சலைத் தூக்குவோரின் விரல்கள் படும் பாட்டையும் யாராவது கேட்க வேண்டும்.

பார்சலைப் பிரித்தபின் அறுக்காமல் உருவி எறியும் பட்டை ஒரு வளையமாகவே கிடக்கிறது என்பது நம்மில் பலர் கருத்தில் ஏறாத சங்கதி. தென் ஜார்ஜியத் தீவுக்கடலில் ரோமக் கடல்நாய்க் குட்டிகள் இத்தகைய வளையங்களுக்குள் விளையாட்டாகத் தலை நுழைத்து, உடல் வளர வளரக் கழுத்து அறுபட்டு மடிவதைக் கண்டே, அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிர்களைக் காக்கும் சர்வதேச ஆணையம் மீன்பிடிக் கப்பல்களின் இரைப்பெட்டிகளைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டுவதை 1995-96 பருவத்திலிருந்து தடைசெய்தது. மற்றப் பெட்டிகளிலிருந்து கழற்றும் பட்டையையும் வளையமாக இராதபடி வெட்டிவிட வேண்டும் என்று விதித்தது. நம் தெருக்களில் கடல்நாய் இல்லை. ஆனால் குப்பையில் மேயும் மாடுகளும் நாய்களும் உண்டு. பட்டை விற்கும் உருளையின்மேல் ‘கழற்றியதும் வெட்டுக’ என்று அச்சிடும்படி அரசாங்கம் விதித்தால் உற்பத்தியாளருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நண்பருக்கு இவ்வளவையும் எழுதினேன். அடுத்த முறை சணலில்தான் கட்டுவதாகவும், அவிழ்க்கத் தெரியாமல் நான் கத்தரிக்கோலை எடுத்தால் கயிற்றுக்கு விலை கேட்பதாகவும் பதில் வந்திருக்கிறது.