விஞ்ஞானச் செய்தியும் வாசகர் தீர்ப்பும்

வெள்ளவத்தைக் காலி வீதியிலே தேநீர்க்கடை மேசைமீது காலையில் விரிக்கப்படும் பத்திரிகை, நண்பகலாவதற்குள் பத்துப் பேரின் கைமாறிவிடும். அரசியற் செய்தியைப் படித்தவர் பெருமூச்செறிவார். மரண அறிவித்தல்களைப் படித்தவர் ஊர்ப் பெயரைத் தேடுவார். விஞ்ஞானச் செய்தியைப் படித்தவர் மாத்திரம் தீர்ப்பு வழங்காமல் எழுவதில்லை. தடுப்பூசி வெளிநாட்டுக் கம்பனிகளின் சூழ்ச்சி. சந்திரனில் மனிதன் கால்வைத்தது ஒரு படப்பிடிப்பு. அணுவைப் பிளந்தது புதினமன்று, சித்தர்கள் அதனை என்றோ அறிந்திருந்தனர். கொட்டாஞ்சேனைச் சலூனில் முறை வருமட்டும் காத்திருப்போரிடமும் இதே தீர்ப்புகளை இதே உறுதியுடன் கேட்கலாம். ஆசிரியருக்குக் கடிதமாக எழுதப்படும்போது அவற்றின் முன்னே 'ஆய்வுகள் கூறுகின்றன' என்ற இரு சொற்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். எந்த ஆய்வு, எவர் செய்தது, எத்தனை பேரிடம் செய்தது என்பன ஒட்டிக்கொள்வதில்லை.

இதனைக் காணும் பட்டதாரிகள் நகைப்பர். விஞ்ஞானத்தை விஞ்ஞானிகளிடம் விட்டுவிடவேண்டும், கண்டவனும் கருத்துரைக்கலாகாது என்பது அவர்தம் வாதம். கண்டிக்கப்படவேண்டியது முதலில் இந்நகைப்பே. தேநீர்க்கடைத் தீர்ப்பில் பிழை இருக்கின்றது. ஆயினும், அதனைக் கூறுபவரிடம் பட்டம் இல்லாமையே அப்பிழை என்று கருதுவோர் விஞ்ஞானத்தையும் அறியார், அதன் வரலாற்றையும் அறியார்.

இலங்கையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்து 2008 இல் கொழும்பிலேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கை எடுத்துக்கொள்ளலாம். 1945 பெப்ரவரியில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கு அவர் ஒரு வாசகர் கடிதம் எழுதினார். அப்பொழுது அவர் பிரித்தானிய விமானப்படையில் ராடர் பணியிலிருந்த இளைஞர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். லண்டன்மீது விழுந்துகொண்டிருந்த ஜேர்மானிய வி-2 றொக்கெற்றுகளே அக்காலத்தின் தொழினுட்பச் செய்தி. அதனைப் படித்த அவரும் கருத்துரைத்தார். பூமியை 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றும்படி தக்க தூரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது ஒரே இடத்தின் மேலே அசையாது நிற்பதுபோலத் தோன்றும் என்றும், அவ்வாறு மூன்று நிலையங்கள் இருப்பின் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றும் எழுதினார். அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த கட்டுரையில் விரிவான கணக்கையும் கொடுத்தார். பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 42,000 கிலோமீற்றர் என்பது அவர் கண்ட தூரம். சந்திரன் ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றரில், 27 நாளுக்குச் சற்று மேலான காலத்தில் சுற்றுகின்றது என்பதை அறிந்த உயர்தர வகுப்பு மாணவன், கெப்ளரின் மூன்றாம் விதியைக்கொண்டு அவ்வெண்ணைத் தன் கொப்பியிலேயே சரிபார்த்துவிடலாம். 1964 இல் அத்தகைய செயற்கைக்கோள் ஒன்று உண்மையிலேயே மேலேறியது. அக்கடிதத்தை மதிப்புடையதாக்கியது எழுதியவரின் தகுதியன்று. பிழையாயின் பிழையென்று எவரும் காட்டக்கூடிய வகையில் அது எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே. (அந்நிலையங்களில் மனிதர் தங்கியிருந்து அவற்றைப் பராமரிப்பர் என்று அவர் எண்ணியது நிகழவில்லை. அப்பிழையும் பிழையென்று தெளிவாகத் தெரிந்தது.)

இவ்வளவுகோலை வைத்துக்கொண்டு அண்மைக்காலத்து நிகழ்ச்சிகளை நோக்குதல் தகும்.

2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர், காளி தேவி தமக்கு அருளியதாகக் கூறி, தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்றைக் கொவிட் நோய்க்கு மருந்தென வழங்கினார். கொள்ளைநோய்க் காலத்துக் கட்டுப்பாடுகளை மீறி ஆயிரக்கணக்கானோர் அவர் வீட்டின் முன்னே நெருக்கியடித்து நின்றனர். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதம் அவருக்குக் கொவிட் தொற்றியது. அக்காலத்து உரையாடல்கள் அனைத்தும் ஒரே வாக்கியத்தில் வந்து முடிந்தன: 'குடித்தவர்களுக்குச் சுகம் வந்ததே!' குடியாதவருள்ளும் மிகப் பெரும்பான்மையோர் சுகமடைந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. ஒத்த நிலையிலுள்ள நோயாளர் இரு சாராருள் ஒரு சாராருக்குப் பாணியையும், மறு சாராருக்கு வெறும் தேன்பாகையும், எது எவரிடம் சென்றதென்பதைக் கொடுப்பவரும் பெறுபவரும் அறியாதபடி கொடுத்துப் பார்த்தலே சோதனை. அதன் முடிவு வருமுன்னரே அமைச்சர் பாணியை அருந்திவிட்டார். வாசகரும் தீர்ப்பை எழுதிவிட்டனர்.

இவ்வளவில் பட்டதாரிகளின் நகைப்பு நியாயமானதே என்று தோன்றலாம். ஆனால் அதே ஆண்டில், அதே நோயின் பெயரால், இதனினும் பெருங்கொடுமை ஒன்று நடந்தது. அது நிபுணரின் பெயராலேயே நடந்தது. கொவிட்டினால் இறந்தோர் யாவரும் தகனம் செய்யப்படவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளிவந்தது. அடக்கம் செய்தால் வைரசு நிலத்தடி நீரிற் கலந்துவிடும் என்பதே கூறப்பட்ட காரணம். அடக்கமும் ஆகும், தகனமும் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டியிருந்தது. மண்ணுக்குள்ளிருந்து நீர்வழியே ஒருவரையேனும் இந்நோய் தொற்றியதற்குச் சான்று உலகில் எங்கும் இருக்கவில்லை. உயிருள்ள கலத்துக்கு வெளியே இவ்வைரசு பெருகமாட்டாது. அதன் மேலுறை கொழுப்பினாலானது, எளிதிற் சிதைவது. நீரினாற் பரவும் கொலராவால் இறந்தோரையே இந்நாட்டு மண் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. இவை யாவும் தெரிந்திருந்தும், இஸ்லாமியரின் ஜனாஸாக்கள் குடும்பத்தினரின் கண்ணீருக்கிடையே எரிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான பச்சிளங் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெண்துணிகளைக் கட்டினர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அக்காலத்தில் நிகழ்ந்த வாதங்களை நினைவுகூர்வது கூச்சந் தருவது. தகனம் சைவர்களின் வழக்கம். ஆதலால் அவ்வாணை அவர்தம் வாழ்வைத் தீண்டவில்லை. 'எரிப்பதே சுத்தம் என்பதை எங்கள் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று, தம் வழக்கத்தையே விஞ்ஞானமாக்கிக்கொண்டோர் பலர். அயலிலுள்ள கத்தோலிக்கரும் தம் இறந்தோரை மண்ணுக்கே கொடுப்பவர்கள் என்பதும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. பட்டம் பெற்றோர் என்ன செய்தனர்? பெரும்பாலோர், நிபுணர் குழு இருக்கின்றது, அது பார்த்துக்கொள்ளும் என்று வாளாவிருந்தனர். 'குழியிலிருந்து கிருமி எப்படி ஐயா கிணற்றுக்கு வரும்? வந்ததை எவர் கண்டார்?' என்று கேட்டவர் பட்டமில்லாத சாதாரண மனிதரே. விஞ்ஞானத்தின் கேள்வியைக் கேட்டவர் அவர். விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னவர்கள் வேறு சிலர். 2021 இன் தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அடக்கம் செய்யலாமென வெளிப்படையாகக் கூறின. அதன்பின்னரும் பெப்ரவரி இறுதிவரை ஆணை நீக்கப்படவில்லை.

நீக்கப்பட்டதும் நிகழ்ந்தது இன்னும் சிந்தனைக்குரியது. ஜனாஸாக்களை இரணைதீவில் அடக்கம் செய்யப்போவதாக 2021 மார்ச் 2 இல் அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சி மாவட்டத்து மீனவத் தமிழர், பல்லாண்டுகள் போராடி மீண்ட தீவு அது. அவர்கள் எதிர்த்தெழுந்தனர். நோய் பற்றிய அச்சமும் அவ்வெதிர்ப்பில் இருந்தது. பதினொரு மாதங்களாக நாட்டின் எந்த மண்ணிலும் புதைத்தால் ஆபத்து என்று கூறிவந்தவர்கள், திடீரெனத் தங்கள் தீவில் மாத்திரம் ஆபத்தில்லை என்று கூறினால், அத்தீவு மக்கள் எங்ஙனம் நம்புவர்? அவர்களை அறியாமையில் மூழ்கியோர் என்று எவரும் இகழ்வதற்கில்லை. அந்த அறியாமை வர்த்தமானியில் அச்சிட்டு அவர்களுக்கு வழங்கப்பட்டது. முடிவில் ஓட்டமாவடியில் நிலம் ஒதுக்கப்பட்டது. கொழும்பில் இறந்தவரும் நாட்டின் குறுக்கே கிழக்கு மாகாணம் வரை கொண்டுசெல்லப்பட்டே மண்ணுக்குச் சென்றார். 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அதே 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டதும், விவசாயிகளும் விவசாய விஞ்ஞானிகளும் முன்னரே எச்சரித்தவாறு நெல் விளைச்சல் வீழ்ந்ததும் யாவரும் அறிந்ததே.

ஆகவே, பேசுபவன் யார் என்பது வினாவன்று. தன் கூற்று பிழையென்பதற்கு எதனை ஒப்புக்கொள்வான் என்பதை அவன் முன்கூட்டியே சொல்கின்றானா என்பதே வினா. கேகாலைப் பாணிக்காரரும் சொல்லவில்லை. நிபுணர் குழுவும் சொல்லவில்லை. தேநீர்க்கடை வாசகரிடம் மட்டும் அதனை எதிர்பார்ப்பது ஓரவஞ்சனையாகும்.

இதனைச் சொல்லிச் செய்துகாட்டியவர் ஒருவர் வெள்ளவத்தையின் அருகிலேயே, பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்தார். கேரளத்துத் திருவல்லாவில் 1898 இற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பல்லாண்டு கற்பித்து, 1959 இல் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஆபிரகாம் கோவூரே அவர். 1963 இல், தெய்வீக ஆற்றலுடையோர் எவரேனும் வஞ்சகத்துக்கு இடமில்லாத நிலையில் அதனைக் காட்டினால் ஓரிலட்சம் ரூபா தருவதாக அவர் அறிவித்தார். முத்திரையிட்ட உறையினுள்ளிருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசித்தல், தணல்மீது கால் கொப்புளிக்காமல் அரை நிமிடம் அசையாது நிற்றல் என்றவாறு சோதனைகளையும் வரையறுத்தார். வெல்வோர் எவரும் இல்லாமலே 1978 இல் அவர் மறைந்தார். இச்சவாலின் சிறப்பு பணத்திலன்று. எது நிகழ்ந்தால் தாம் தோற்றவராவார் என்பதை அவர் எழுத்திற் கொடுத்தார். நாணயத்தாளின் இலக்கத்தை ஒருவர் வாசித்திருந்தால், கோவூர் சொல்வதற்கு ஒன்றுமிருந்திராது.

எனினும் அவரும் இவ்வளவுகோலுக்கு முற்றும் உட்பட்டவரல்லர் என்பதை மறைத்தலாகாது. பேய் பிடித்தவரென்று தம்மிடம் கொண்டுவரப்பட்டோரை அறிதுயிலில் ஆழ்த்திக் குணப்படுத்தியதாக அவர் எழுதிய கதைகள் மிகுந்த சுவையுடையன. வாசகர் பலர் அவற்றைத் துப்பறியும் கதைகள் போலவே விரும்பிப் படித்தனர். ஆனால் அவற்றைச் சரிபார்க்கும் வழி வாசகரிடம் இல்லை. எழுதியவரை நம்பினால் உண்டு, இல்லையேல் இல்லை. சவாலில் விஞ்ஞானியாக நின்ற கோவூர், கதையில் மீண்டும் கருத்துரைப்பவராகிவிடுகின்றார்.

இனி, தமிழிற் படிக்கும் வாசகரின் நிலை. உயர்தர வகுப்புவரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிலே கற்பவர், பல்கலைக்கழகப் படியேறியதும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றார், பின்னர்த் திரும்புவதில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்து, நூல்களும் வெளியிட்டார். அந்நியரொருவர் தேடிவந்து செய்த பணியை, இம்மண்ணிற் பிறந்து இலவசக் கல்வியால் மருத்துவரானோரும் பொறியியலாளரானோரும் தமக்குரியதென்று கருதுவதில்லை. 1970 களில் 'ஊற்று' என்ற பெயரில் விஞ்ஞானச் சஞ்சிகை நடத்தியவர்கள் பல்கலைக்கழகத்தாரே. இன்றோ, தடுப்பூசியைப் பற்றித் தமிழில் ஐயமெழுப்பும் வாசகருக்குத் தமிழில் விடைகூறுவார் அரியர். விடை ஆங்கிலத்தில் இருக்கின்றது. நகைப்பு மாத்திரமே தமிழுக்கு வருகின்றது. விடப்பட்ட வெளியில் சோதிடரும் பாணிக்காரரும் வந்து அமர்ந்தால் அவர்களைக் குறைகூறி என்ன பயன்?

பத்திராதிபர்களும் இதிற் பங்குடையர். பிறநாட்டுச் செய்தி நிறுவனம் அனுப்பிய நான்கு வரியை மொழிபெயர்த்து, 'விஞ்ஞானிகள் சாதனை' என்று தலைப்பிட்டு, ஆய்வு எலியிற் செய்யப்பட்டதா மனிதரிற் செய்யப்பட்டதா என்பதை இடப்பற்றாக்குறையால் வெட்டிவிட்டுப் பிரசுரிப்பவர்கள், வாசகர் அதன்மேற் கோட்டை கட்டும்போது வியப்பது பொருந்தாது. அவர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குச் செலவும் இல்லை. விஞ்ஞானம் பற்றித் தீர்ப்புக்கூறும் கடிதம் எதுவாயினும், எது நிகழ்ந்தால் தாம் சொன்னது பிழையென்று ஒப்புக்கொள்வார் என்பதை எழுதியவர் ஒரு வரியிற் சேர்த்தாலன்றி அதனைப் பிரசுரித்தலாகாது. பேராசிரியரின் கடிதத்துக்கும் இவ்விதி பொருந்தும். பிரசுரித்த கடிதத்தை ஓராண்டின் பின்னர் மீண்டும் எடுத்து, நிகழ்ந்தது யாது என்பதையும் பக்கத்தில் இட்டு, எழுதியவர் பெயருடனேயே இன்னொருமுறை வெளியிடவேண்டும். 2020 இல் நிலத்தடி நீரைப் பற்றி அச்சான கடிதங்களிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும் அதனைத் தொடங்கலாம்.