வானில் ஓர் இடம்

கனடாவின் ஸ்காபரோவில் காலை ஐந்து மணிக்கு அடுக்குமாடி வாசல்களில் வந்து நிற்கும் வான்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொதி கட்டும் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே தூங்கி வழிவார்கள். ஊரில் கணக்குப் படிப்பித்த ரீச்சரும் அதில் இருப்பார். "சூப்பவைசரிட்ட நான் சொல்லிப்போட்டன், நீ சின் நம்பரோட (சமூகக் காப்புறுதி எண்) வா" என்று யாரோ ஓர் அக்கா சொல்லியிருப்பார். பழைய பனிச்சப்பாத்து தந்ததும், பிள்ளையைப் பார்க்க ஒன்பதாம் மாடி அம்மம்மாவைப் பிடித்துக் கொடுத்ததும் அவரேதான்.

இந்த உதவியில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் வானில் ஏற்றிவிடும் நாங்கள், இறக்கிவிடுவதைப் பற்றி யோசிப்பதில்லை. பத்து வருடம் கழித்தும் ரீச்சர் அதே வானில்தான்.

மத்திய அரசின் இலவச ஆங்கில வகுப்பையே பாருங்கள். சில இடங்களில் பிள்ளை பராமரிப்பும் உண்டு. "முதலில் நாலு காசு சேரட்டும்" என்று தள்ளிப்போட்டுக் குடியுரிமையும் எடுத்தபின் போனால், அந்த வகுப்பில் இடமில்லை. மாகாண அரசின் வகுப்பைத் தேட வேண்டும். வந்த மாதமே இதைச் சொல்ல ஓர் அக்கா வேண்டாமா?

அடுத்தது, வேலைக்குப் போனால் கேட்கும் 'கனேடிய அனுபவம்'. அதைக் கட்டாயமாகக் கேட்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது. விளம்பரத்திலிருந்து எடுத்தாயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மனதிலிருந்து எடுக்கச் சட்டத்தின் கை எட்டாது. அங்கேதான் பரிந்துரைப்பவராக உங்கள் பெயர் வேண்டும்.

கடையோ கணக்காளர் அலுவலகமோ வைத்திருப்பவர்கள், தெரிந்த ஒரு பெண்ணைச் சில வாரம் சம்பளம் கொடுத்து வைத்துப் பாருங்கள். (சும்மா வேலை வாங்குவது உதவியல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.) பிறகு ரெஃபரன்ஸ் கேட்டு அழைப்பு வந்தால், தெரியாத நம்பர் என்று விட்டுவிடாமல் எடுத்துப் பேசுங்கள்.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் இரண்டு கணினிகள் சும்மா கிடக்கின்றன. ரெஸ்யூமே எழுத யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். தேத்தண்ணி உண்டு. பால்மாதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்