அத்தாவின் விசாவும் பிள்ளையின் வகுப்பும்

ஆத்தூர், சித்தையன்கோட்டை, சின்னாளபட்டி வட்டாரத்தில் வளைகுடாவில் உறவினர் ஒருவர்கூட இல்லாத முஸ்லிம் குடும்பம் அரிது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அது ஆண்கள் மட்டும் போய்வரும் பயணமாகவே இருந்தது. இப்போது ஊருக்குப் போன் வரும்போது இன்னொரு பேச்சும் கூடவே வருகிறது: "சம்பளம் கூட்டியிருக்காங்க, ஃபேமிலி விசா கிடைக்கும்போல, எல்லாரையும் கூட்டிக்கலாம்னு இருக்கேன்."

நல்ல செய்திதான், அல்ஹம்துலில்லாஹ். கணவன் ஓரிடம், மனைவி மக்கள் ஓரிடம் என்று வாழ்நாளைக் கழிப்பதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் இந்தப் பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். ஓட்டுநராகவோ கடை உதவியாளராகவோ போன ஒருவர் படிப்படியாக உயர்ந்து அந்தத் தொகையைத் தொட்டு, வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் தாங்கும் நிலைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகிவிடுகின்றன. அதற்குள் மூத்த பிள்ளைக்குப் பதிமூன்று, பதினான்கு வயது. படித்துப் பட்டம் பெற்று நேராக நல்ல சம்பளத்துக்குப் போகிறவர்கள் கைக்குழந்தையோடு போகிறார்கள். நம்மில் பலர் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையோடு போகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

விசா, சம்பளம், வீடு ஆகிய மூன்றும் கூடிவந்தால் புறப்பட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது, எத்தனை வருடம் அங்கே உறுதியாகத் தங்க முடியும், திரும்பி வந்தால் எங்கே சேரும் என்ற கேள்விகள் விமானம் ஏறிய பிறகுதான் எழுகின்றன.

சவூதியில் நடந்ததை நினைவுபடுத்துவோம். 2017 ஜூலை 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. 2018 ஜூலையில் அது 200 ஆனது, 2019-ல் 300, 2020-ல் 400. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால், வருடத்துக்கு 19,200 ரியால். இகாமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டிய பணம் இது. நடுத்தரச் சம்பளக்காரர்களால் தாங்க முடியவில்லை. ரியாத், ஜித்தா, தம்மாமிலிருந்து குடும்பம் குடும்பமாக 'எக்ஸிட்' அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டு, பழையபடி பேச்சிலர் அறைக்குத் திரும்பிய சகோதரர்கள் எத்தனை பேர்!

இதைப் பிள்ளையின் பக்கமிருந்து பார்ப்போம். 2016 ஏப்ரலில் ரியாத்தில் ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் வந்தபோது எட்டாம் வகுப்பு. 400 ரியாலைத் தொட்டபோது பதினொன்றாம் வகுப்பு. அதே 2020-ல் கொரோனா வந்தது. மே 7 முதல் வந்தே பாரத் விமானங்களில் வேலை இழந்தவர்கள் குடும்பத்தோடு திரும்பினார்கள். ஏழாம் வகுப்பில் சேர்த்தபோது இவற்றில் எதுவும் அந்தத் தந்தையின் கணக்கில் இருந்திருக்க முடியாது. குவைத்தும் அப்படித்தான். வெகுகாலம் நிறுத்தி வைத்திருந்த குடும்ப விசாவை 2024 ஜனவரியில் திறந்தபோது 800 தினார் சம்பளம் வேண்டும் என்றது. சில நேரம் நல்லதும் நடக்கிறது. அமீரகத்தில் மகனுக்குப் பதினெட்டு வயது வரைதான் தந்தை எளிதாக விசா எடுக்கலாம் என்றிருந்தது 2022 அக்டோபரில் இருபத்தைந்து வயதாக உயர்ந்தது. திருமணமாகாத மகளுக்கு வயது வரம்பே இல்லை. நல்லதோ கெட்டதோ, இந்த நாடுகளில் சட்டம் மாறும் வேகம் ஒரு பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வேகத்தைவிட அதிகம்.

திரும்பி வரும் வழி எப்படி இருக்கிறது? சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் மாணவரை வாரியத்தில் பதிவு செய்கின்றன. ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. நடுவில் பத்திலோ பன்னிரண்டிலோ புதிதாகச் சேர்வதற்குப் பெற்றோரின் பணி மாற்றம் போன்ற காரணத்தை ஆவணத்தோடு காட்டி வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்துக்கு வரலாம் என்றால் அங்கே தமிழ் நிற்கிறது. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் எழுதியாக வேண்டும். வளைகுடாவில் ஹிந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்துவிட்டு, வீட்டில் தமிழ் பேசி, 'க'வுக்கும் 'த'வுக்கும் கொம்பு போடத் தடுமாறும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய மலை என்பது திரும்பி வந்த வீடுகளில் கேட்டால் தெரியும்.

இதனால் நம் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். அழைத்துப் போவதென்றால் ஏழாம் வகுப்புக்குள் அழைத்துப் போங்கள். அது தாண்டிவிட்டால் பத்தாம் வகுப்பு முடியும்வரை பொறுங்கள். எட்டிலும் ஒன்பதிலும் கிளப்புவது, நான்கைந்து வருடம் அங்கே இருப்போம் என்று தந்தையின் வேலையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தவர்களுக்கு மட்டும். பத்தாவதில் ஒருக்காலும் வேண்டாம். பத்து முடித்துப் போகிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. நம்மூரில் தேர்வு முடிவு மே மாதம் வருகிறது; வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. முடிவுக்குக் காத்திராமல் முன்கூட்டியே இடம் கேட்டு வைக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024-ல் ஆண் பிள்ளைகளுக்கு வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கில்தான். நடுவில் இரண்டு வருடம் துபாயில் படித்துவிட்டு வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளி மாணவிக்கு டாக்டர் ஆகும் வழி துபாயைவிட ஆத்தூரிலிருந்தே பக்கமாக இருக்கலாம்!

2007 முதல் முஸ்லிம்களுக்கு இருக்கும் 3.5 சதவீத ஒதுக்கீடு வெளிநாட்டில் படித்ததாலேயே போய்விடாது. ஆனால் தமிழ்நாட்டுக்காரர் என்று காட்ட வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவரிடம் பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். அதையும் சாதிச் சான்றிதழையும் கிளம்பும் முன்பே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைப்பது, பிறகு ஷார்ஜாவிலிருந்து மச்சானை அலையவிடுவதைவிட மேல்.

வளைகுடாவில் படிப்பதால் திறக்கும் கதவும் உண்டு. திருச்சி என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் வெளிநாட்டில் படித்த மாணவர்களுக்கான 'டாசா' திட்டத்துக்குள் வளைகுடாவில் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதில் ஜே.இ.இ. மெயின் தேர்வை வைத்து இடம் தருகிறார்கள். கட்டணமும் இந்திய மாணவர் கட்டும் அளவுதான். தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் பலர். நீட் விஷயம் அவ்வளவு நிம்மதி தருவதில்லை. 2021-ல்தான் குவைத்திலும் துபாயிலும் முதன்முதலாக மையம் வந்தது. மறுவருடம் வெளிநாடுகளில் 14 நகரங்களாயின. 2024 பிப்ரவரியில் வெளிநாட்டு மையமே இல்லை என்று அறிவித்து, பெற்றோர் பதறிய பிறகு அதே மாதத்தில் திரும்பக் கொடுத்தார்கள்.

இத்தனையும் காகிதக் கணக்கு. இதைவிடக் கடினமான ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பன்னிரண்டு வருடமாக அந்தப் பிள்ளைக்கு அத்தா என்பவர் யார்? வீடியோ காலில் வரும் முகம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி நிறையச் சாமான்களோடு வந்து, எதற்கும் கோபப்படாமல், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் விருந்தாளி. அத்தாவுக்கும் பிள்ளை யார் என்று தெரியாது. கடைசியாக மடியில் உட்கார்ந்த வயது அவர் மனதில் இருக்கிறது. இந்த இருவரையும் திடீரென்று ஓர் அறை, ஒரு ஹால் உள்ள ஃபிளாட்டில் கொண்டுபோய் வைக்கிறோம். அத்தா பத்து மணிநேர வேலை முடிந்து வந்து, கண்டிப்பு காட்டுவது தன் கடமை என்று நினைக்கிறார். பிள்ளையோ, "இத்தனை நாள் இல்லாதவர் இப்போது மட்டும் எதற்கு?" என்று மனதுக்குள் கேட்கிறது. சில வீடுகளில் வாய்விட்டே கேட்கிறது. இடையில் நிற்பது அம்மா. ஊரில் வங்கி, பள்ளிக்கூடம், ரேஷன், மாமியார் வைத்தியம் என்று எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்து முடிவெடுத்தவள். அங்கே போனதும் பால் வாங்கக்கூடக் கணவன் வரக் காத்திருக்கும் நிலை அவளுக்கு வரலாம்.

பையனை நினைத்துப் பாருங்கள். பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் கிரிக்கெட் ஆடியவன், மஃரிபுக்குப் பள்ளிவாசலில் கூட்டாளிகளைப் பார்த்தவன். நாலாவது மாடியில், வெளியே நெருப்பாய் வெயில் காயும் ஜூலையில், அவனுக்கு மிஞ்சுவது போன் ஒன்றுதான். அங்கே அதுவும் ஆபத்து: வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி எழுதுவதும், அனுமதியில்லாமல் படம் எடுத்துப் போடுவதும் அமீரகத்தில் குற்றம். நம்மூர்த் தெருவில் பெரியவர் அதட்டினால் முடிந்துவிடும் விஷயம் அங்கே காவல் நிலையம்வரை போகும் என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்கு இழப்பு வேறு மாதிரி. வயதுக்கு வந்த பிறகு அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல நன்னி இருந்தார். மாமி மகள் பக்கத்துத் தெருவில் இருந்தாள். அந்த இடத்தில் அங்கே யாரும் இல்லை.

மார்க்கம் தானாக வந்துவிடும், அரபு நாடுதானே என்ற எண்ணம் ஒன்று நம்மிடம் உண்டு. அமீரகப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி கட்டாயம்தான், அரபியும் கற்பிக்கிறார்கள். ஆனால் அது நேரம் குறித்த ஒரு பாடம். ஊரில் நன்னி தஸ்பீஹோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்வதற்கு அது ஈடாகாது. அந்த வேலை தாய் தந்தை தலையில்தான் விழும், அரபு நாட்டிலும்.

இதற்கு ஒரே மருந்து பிள்ளையிடம் கேட்பதுதான். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்போம். இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் கட்டளையாகக் கண்ட கனவைக்கூட மகனிடம் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். விசா அதைவிடப் பெரிய விஷயமல்ல. கேட்டால் "வரமாட்டேன்" என்று சொல்லிவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் கேட்பதில்லை. சொல்லட்டுமே. எதனால் என்று தெரிந்தால் பாதிக்குப் பரிகாரம் இருக்கும். தமிழ் மீடியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பயமாக இருக்கலாம். ஆறு மாதம் முன்பே ஒரு டியூஷன் வைத்தால் தீரும்.

பிரிட்டன், கனடா பேச்சும் இப்போது கேட்கிறது. பராமரிப்புப் பணியாளராகப் பிரிட்டன் போனவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்வது 2024 மார்ச் 11 முதல் நிறுத்தப்பட்டது. வேறு வேலைக்குக் குடும்பத்தோடு போனாலும், அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் பிள்ளை பதினெட்டில் பல்கலைக்கழகம் போகும்போது, நிரந்தரக் குடியுரிமை கிடைத்திராவிட்டால், பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணமே கட்ட வேண்டியிருக்கும். பதினாறு வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் நிலத்தை விற்க வேண்டாம்.

கடைசியாகச் சில நடைமுறை வேலைகள். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழ், டி.சி., ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். முஹம்மது, முகமது, மொஹமட் என்று நம் வீடுகளில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்! ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருவதை அமீரகம் 2022 நவம்பரில் நிறுத்தியது. பதினைந்து வயதில் ஆதாருக்குக் கைரேகை புதுப்பிப்பு கட்டாயம். அந்த வயதில் ஊரில் இருக்க மாட்டான் என்றால் விடுமுறைக்கு வரும்போது செய்ய மறக்கக் கூடாது. சான்றிதழ்களுக்குச் சவூதிக்கு 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகத்துக்கு அது செல்லாது. தூதரகச் சான்றொப்பம் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யலாம். நம்மூரில் மே மாதம் விடுமுறை. அப்போது வளைகுடா இந்தியப் பள்ளிகளில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். டி.சி. வாங்காமல், விசிட் விசாவில் ஒரு மாதம் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சேர்க்க நினைக்கும் பள்ளியை, அது நடக்கும் நாளில் போய்ப் பார்க்கட்டும். அந்த ஃபிளாட்டில், அந்த வெயிலில், அத்தாவோடு முப்பது நாள் இருக்கட்டும். ஜூனில் ஆத்தூர்ப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பி வந்து தன் பதிலைச் சொல்லட்டும்.