வேனுக்குள் பிரிட்ஜ்: விரலுக்குத் தகுந்த வீக்கம்!



'கேரவன்' என்றதும் நமக்கெல்லாம் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் காலம் மாறி வருகிறது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. நம் பக்கத்திலும் பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, படுக்கை போட்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் முடிந்ததும் அடுத்து வரும் பேச்சு, "அப்படியே ஒரு பிரிட்ஜும் வச்சுடலாமே!"

தாராளமாக வைக்கலாம். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான். அது இரண்டாவது கேள்வி என்பது என் கருத்து. "ஒரு நாளைக்கு எத்தனை வாட் ஹவர் சாப்பிடும்?" என்பதே முதல் கேள்வி. அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு யாருமல்ல, டிப்ளமோ படிக்கும் நாம்தான்!

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? என் அப்பா வேன் டிரைவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஓட்டிய வேனில், ஒரு பட்டறையில் வீட்டு பிரிட்ஜையும் இன்வர்ட்டரையும் வண்டி பேட்டரியிலேயே இணைத்துக் கொடுத்தார்கள். ராமேஸ்வரம் போய் ராத்திரி நிறுத்திய வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பாலும் திரிந்தது, பயணமும் கெட்டது. "ராத்திரி ஆஃப் பண்ணியிருக்கணும்ல?" என்று சொல்லி, புது பேட்டரிக்கான பணத்தை அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். ராத்திரி ஆஃப் பண்ணுவதற்கு பிரிட்ஜ் எதற்கு? கணக்குப் போடாதவர் ஒருவர், தண்டம் கட்டியவர் இன்னொருவர்!

வண்டிக்கென்று வரும் பிரிட்ஜில் மூன்று வகை உண்டு.

முதலாவது, கேஸிலும் கரண்டிலும் ஓடும் அப்சார்ப்ஷன் வகை. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பிளேட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தபோது அவர்களும் நம்மைப் போல் தொழில்நுட்ப மாணவர்களே! பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இதை 12 வோல்ட்டில் ஓட்டினால் உள்ளே இருக்கும் ஹீட்டர் நூறு வாட்டுக்கு மேல் விடாமல் இழுக்கும். வண்டி சமமான தரையில் நிற்க வேண்டும். கேஸில் ஓட்டினால் புகை வெளியேற வழி வேண்டும். நம்ம ஊர் வெயிலிலும் இது திணறும்.

இரண்டாவது, பெல்டியர் முறையில் ஓடும் 'கூல் பாக்ஸ்'. விலை குறைவு. ஆனால் வெளிச்சூட்டைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 18 டிகிரி. தண்ணீர் குடிக்க இதமாக இருக்கும், மீனும் பாலும் தாங்காது.

மூன்றாவது, 12 அல்லது 24 வோல்ட் டி.சி.யில் நேராக ஓடும் கம்ப்ரஸர் வகை. விலை அதிகம். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். வீட்டு பிரிட்ஜை இன்வர்ட்டரில் ஓட்டினால், கம்ப்ரஸர் கிளம்பும் நேரத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிரிட்ஜ் ஓடாத நேரத்திலும் இன்வர்ட்டர் தன் பங்குக்குத் தின்றுகொண்டே இருக்கும். டி.சி. வகையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மேலே திறக்கும் பெட்டி மாதிரி வாங்கினால், மூடியைத் திறக்கும்போது குளிர்ந்த காற்று கீழே கொட்டிப் போகாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 40 லிட்டர் கம்ப்ரஸர் பிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். நம் கோடையில் நாளில் பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் ஓடும். 50 × 12 = 600 வாட் ஹவர். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆக, ஒரு நாளைக்கே 100 ஏ.எச். பேட்டரி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 65 ஏ.எச். போதும்.

இதுவும் தனி பேட்டரியாக இருக்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கை வைக்கவே கூடாது! இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டாவது பேட்டரிக்கு சார்ஜ் போய், இன்ஜின் நின்றதும் இணைப்பு பிரியும்படி ஒரு ரிலேயோ டி.சி. டு டி.சி. சார்ஜரோ போட வேண்டும். வண்டி நின்றே கிடக்கும் என்றால் கூரையில் சோலார். 200 வாட் பேனல், 5 மணி நேர நல்ல வெயில், இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 700 வாட் ஹவர் கிடைக்கும். பிரிட்ஜுக்குச் சரியாக இருக்கும்.

ஒயரையும் மறந்துவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து பிரிட்ஜ் 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்பியர் போனால் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பேட்டரி நன்றாக இருந்தும் "லோ வோல்டேஜ்" என்று பிரிட்ஜ் நின்றுவிடும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரி பக்கத்திலேயே ஒரு பியூஸ் கட்டாயம். பிரிட்ஜின் பின்னால் காற்றுப் போக இடம் விடுவதும் கட்டாயம்.

இவ்வளவும் படித்துவிட்டு, "செலவு ஜாஸ்தியா இருக்கேப்பா" என்கிறீர்களா? அதற்கும் பதில் உண்டு. 10 கிலோ ஐஸ் உருகி முடிவதற்குள் சுமார் 930 வாட் ஹவர் வெப்பத்தை விழுங்கிவிடும். தடித்த தெர்மோகோல் பெட்டியும் மீன் மார்க்கெட் ஐஸும் இருந்தால், இரண்டு நாள் பயணத்துக்கு பிரிட்ஜே வேண்டாம்! இதை வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொல்பவனே நல்ல டெக்னீஷியன். விற்பனை போனாலும் பரவாயில்லை, பெயர் நிற்கும்.

தோழர்களே! நாளை நம்மில் பலர் கரூர் பாடி கட்டும் பட்டறைகளிலும் கோவை ஒர்க்ஷாப்களிலும் வேலைக்கு நிற்கப் போகிறோம். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதற்கு டிப்ளமோ தேவையில்லை. கணக்குப் போட்டுவிட்டு ஒயரைத் தொடத்தான் டிப்ளமோ. போட்ட கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்: எத்தனை வாட், எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த பேட்டரி, எந்த பியூஸ். முதலாளி படிக்கட்டும், ஓட்டுபவரும் படிக்கட்டும். அந்தத் தாள் இருக்கும் வண்டியில், பழியை யார் தலையிலும் எளிதில் சுமத்த முடியாது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பேட்டரிக்குத் தகுந்த பிரிட்ஜ்!

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை