மெஷினை அனுப்பினா மட்டும் போதுமா?

இந்த வார எபிசோடில் மருத்துவமனை டெக் பற்றிப் பேசினோம். நேரமில்லாமல் விட்ட விஷயம் இது.

பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை, லண்டனில் 6 மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்குவார்கள். உடல் வெப்பம் 33.5 டிகிரி, 72 மணி நேரம். மூளை செல்கள் சாவது குறையும். இங்கிருந்து நடத்திய டோபி ஆய்வில், 2009-ல், நரம்புப் பாதிப்பு இல்லாமல் பிழைத்த குழந்தைகள் கூடியது தெரிந்தது.

உடனே நமக்கு என்ன தோணும்? "காசு சேர்த்து ஊருக்கு ரெண்டு மெஷின் அனுப்புவோம்!"

கொஞ்சம் பொறுங்க. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாக்டர் சுதின் தையில் தலைமையில், சென்னை உட்பட இந்தியா, இலங்கை, பங்களாதேஷில் 408 குழந்தைகளிடம் ஹெலிக்ஸ் ஆய்வு நடந்தது. 2021-ல் முடிவு வந்தது: குளிர்வித்த குழந்தைகளில் 42% இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31%.

அவை பெரிய ஆஸ்பத்திரிகள், மெஷினும் ஒழுங்காகத்தான் ஓடியது. அங்கே பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிறப்பதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். அப்படியென்றால் பிறந்த பிறகு குளிர்விப்பது லேட்.

லண்டன் சர்வரில் ஓடின கோட், வேற சர்வரிலும் ஓடும்னு நாங்க டெஸ்ட் பண்ணாமல் சொல்ல மாட்டோம். குழந்தை விஷயத்தில் மட்டும் ஏன் அவசரம்?

உதவி செய்யுங்க, கட்டாயம் செய்யுங்க. ஆனால் முதலில் அங்கே பிரசவ வார்டில் வேலை செய்யும் நர்ஸிடம் கேளுங்க: "உங்களுக்கு என்ன வேணும்?" குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிக்க இன்னொரு ஆள் வேணும்னு அவர் சொன்னால், அதுக்குக் காசு குடுங்க. படம் எடுத்துப் போட மெஷின் இருக்காது, பரவாயில்லை.