உங்கள் மவுஸ் கிளிக் யாருக்குப் போய்ச் சேருகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "இதில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம், பிள்ளைகளின் ப்ராஜெக்டை பிரிண்ட் எடுக்கிறோம் என்பார்கள். எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் இவை எல்லாவற்றிலும் நாம் பெற்றுக் கொள்பவர்களாகவே இருக்கிறோம். வீட்டில் உட்கார்ந்தபடியே நாம் உலகத்துக்குக் கொடுக்கவும் முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம்மை அறியாமலே தினமும் எதையோ கொடுத்துக் கொண்டிருக்கிறோம் என்பதும் தெரிவதில்லை. இந்த இரண்டைப் பற்றியும் சொல்ல ஒரு விஞ்ஞானியின் பக்க வேலை நல்ல உதாரணம்.

அவர் பெயர் கெவின் ஷவின்ஸ்கி. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தவர். கேலக்ஸி எனப்படும் நட்சத்திர மண்டலங்கள்தான் அவரது பாடம். இவற்றில் சில சுருள் வடிவில் இருக்கும். சில முட்டை போல உருண்டையாக இருக்கும். எது எந்த வடிவம் என்று படத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அப்போதைய கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்களுக்கு இந்த வேலை சரியாக வரவில்லை. ஆனால் மனிதக் கண் ஒரு நொடியில் சொல்லி விடும். எனவே அவரே உட்கார்ந்து ஒரு வாரத்தில் சுமார் 50,000 படங்களைப் பார்த்துப் பிரித்தார். மீதி இருந்ததோ பல லட்சம்!

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2.5 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட ஒரு டெலஸ்கோப் இருக்கிறது. ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்ற திட்டத்துக்காக அது 2000-ம் ஆண்டு முதல் வானத்தைப் படம் பிடித்தது. அந்தப் படங்களும் அளவுகளும் இன்டர்நெட்டில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டன. இப்படி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக் கூடிய தகவல்களைத்தான் 'ஓப்பன் டேட்டா' என்கிறார்கள்.

ஷவின்ஸ்கியும் அவரது சக விஞ்ஞானி கிறிஸ் லின்டாட்டும் வேறு சிலரும் சேர்ந்து 2007 ஜூலையில் 'கேலக்ஸி ஜூ' என்ற வெப்சைட்டைத் தொடங்கினார்கள். திரையில் ஒரு படம் வரும். சுருளா, உருண்டையா என்று பார்த்து ஒரு பட்டனைக் கிளிக் செய்ய வேண்டும். அவ்வளவுதான். தொடங்கி 24 மணி நேரத்துக்குள் மணிக்கு சுமார் 70,000 கிளிக்குகள் வந்தன. முதல் ஆண்டில் 1,50,000-க்கும் அதிகமான மக்கள் 5 கோடிக்கும் அதிகமான பதில்களைக் கொடுத்தார்கள். சுமார் 9 லட்சம் கேலக்ஸிகளும் பிரிக்கப்பட்டு விட்டன.

"படிக்காதவர்கள் தப்பாகச் சொன்னால் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரே படத்தைப் பல பேருக்குக் காட்டி, பெரும்பான்மையானவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பதுதான் இதன் தந்திரம். ஒருவர் தவறினால் மற்றவர்களின் பதில் அதைச் சரி செய்து விடும். இன்னொரு சோதனையும் நடந்தது. கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும் சுருள்களே அதிகம் என்று பதில்கள் காட்டின. உடனே படங்களைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றிக் காட்டினார்கள். அப்போதும் எதிர்த் திசைதான் அதிகம் என்று பதில் வந்தது. அதாவது கோளாறு வானத்தில் இல்லை, மனிதர்கள் பார்க்கும் விதத்தில் இருந்தது! சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இதில் பங்கெடுத்தவர்களில் ஹானி வான் ஆர்க்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியையும் ஒருவர். 2007-ல் ஒரு படத்தில் கேலக்ஸிக்குப் பக்கத்தில் விசித்திரமான ஒரு திட்டு இருப்பதைக் கவனித்து, "இது என்ன?" என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்கும் அது புதிதாக இருந்தது. ஒளியூட்டப்பட்ட மாபெரும் வாயு மேகம் அது என்று பிறகு தெரிந்தது. ஹப்பிள் டெலஸ்கோப்பும் அதைப் படம் பிடித்தது. இன்று அதற்கு 'ஹானியின் வூர்வெர்ப்' என்று பெயர். டச்சு மொழியில் வூர்வெர்ப் என்றால் 'பொருள்'. அதைப் பற்றி வந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் ஹானியின் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இருக்கிறது.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். 'ரீகேப்ச்சா' உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒரு வெப்சைட்டுக்குள் போக, கோணல்மாணலான இரண்டு சொற்களை டைப் செய்யச் சொன்னது. இதுவும் 2007-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான். இரண்டு சொற்களில் ஒன்று பழைய அச்சுப் பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டது, கம்ப்யூட்டரால் படிக்க முடியாதது. நாம் டைப் செய்யச் செய்ய அந்தப் பழைய பக்கங்கள் டிஜிட்டல் ஆயின. 2009-ல் கூகுள் இந்த நிறுவனத்தை வாங்கியது. பிற்பாடு தெருப் படங்களில் உள்ள வீட்டு எண்களையும் நம்மைப் படிக்க வைத்தார்கள். அருமையான யோசனை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் டைப் செய்த நம்மில் எத்தனை பேருக்கு அது ஒரு வேலை என்று தெரியும்? வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் கதவு திறக்காது.

இரண்டிலும் நாம் கொடுத்தது ஒன்றுதான்: சில நொடிகளும் நம் கண்ணும். கேலக்ஸி ஜூவில் எதற்காகக் கிளிக் செய்கிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வந்த பதில்களைத் தொகுத்து 2011-ல் எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். பொதுவில் எடுத்தது பொதுவுக்கே திரும்பியது.

விஞ்ஞானிகள் கம்பெனி தொடங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஷவின்ஸ்கியே 2018-ல் சுவிட்சர்லாந்தில் 'மாடுலோஸ்' என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைச் சிலருடன் சேர்ந்து தொடங்கினார். கம்பெனி நடத்துவது தவறில்லை. பொதுமக்கள் இலவசமாகக் கொடுத்த உழைப்பை ஒரு பெட்டிக்குள் பூட்டி வைப்பதுதான் தவறு. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு இப்படி மனிதர்கள் பார்த்துக் குறித்த பதில்கள்தான் பாடப் புத்தகம். எனவே உங்கள் கிளிக்கின் விலை ஏறிக் கொண்டேதான் போகிறது.

இனி எந்த வெப்சைட்டாவது உங்களிடம் "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லி இருக்கிறார்களா?

2. கிடைக்கும் முடிவு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுமா?

3. வேண்டாம் என்று சொல்லி விலக முடியுமா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகக் கொடுங்கள். இல்லை என்றால் யோசித்துக் கொடுங்கள்.

கேலக்ஸி ஜூவிலிருந்து 2009-ல் 'ஜூனிவர்ஸ்' என்ற பெரிய வெப்சைட் உருவானது. காட்டு விலங்குகளின் படங்கள், பழைய கையெழுத்துப் பிரதிகள் என்று பல திட்டங்கள் அதில் உள்ளன. 2024-ல் ஐரோப்பாவின் யூக்ளிட் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படங்களும் கேலக்ஸி ஜூவுக்கு வந்தன. இதற்குக் கட்டணம் கிடையாது. எந்த சாப்ட்வேரையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், பிரவுசர் போதும். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் பள்ளிப் பிள்ளைகளும் உங்களோடு உட்கார்ந்து செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்களேன். இதுவரை எவர் கண்ணிலும் படாத ஏதோ ஒன்று உங்கள் திரைக்கும் வரலாம். வந்தால் ஹானியைப் போல, "இது என்ன?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.